இரவு வலிப்புக்கு மணி அடிக்கும் கருவிகள்: வன்னி வீட்டில் எது உதவும்?

தூக்கத்தில் வலிப்பு வருகிற பிள்ளை இருக்கிற வீட்டில், முதலில் கெடுவது தாயின் தூக்கம். பிறகு வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தப்பாவோ இணையத்தில் தேடிப்பார்த்து, "இதைக் கையில கட்டினா வலிப்பு வந்த உடனே மணி அடிக்குமாம், வாங்கி அனுப்பட்டோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த மதிப்பீடு. கையில் கட்டும் மணிக்கூடு, மேற்கைப் பட்டி, மெத்தைக்குக் கீழ் வைக்கும் தகடு, இரவில் தெரியும் கமரா, மூச்சு முட்டாத தலகணி என்று விலைப்படுகிற ஐந்து வகையையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறோம். வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ அக்கராயனிலோ, கரண்ட் நின்று, போனில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி, வீட்டில் எல்லாரும் பாயில் படுத்துக்கிடக்கிற ஒரு இரவில் இது அடிக்குமா? அடித்தால் யார் எழும்புவது?

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். முதல் காசு குளிசைக்கு. அடுத்த காசு கமராவுக்கு, அல்லது கையில் இருக்கிற போனுக்கு. மணி அடிக்கும் கருவி அதற்குப் பிறகுதான், அதுவும் எல்லாருக்கும் அல்ல.

இந்த மணிகள் எல்லாம் தேடுவது ஒரே ஒரு காட்சியை: உடம்பு விறைத்து, பிறகு கையும் காலும் தாளமாக வெட்டி இழுக்கிற பெருவலிப்பு. சில கருவிகள் அசைவை மட்டும் பார்க்கும், சில நாடித்துடிப்பையோ தோலின் வியர்வையையோ சேர்த்துப் பார்க்கும். ஆனால் தூக்கத்தில் வருகிற வலிப்பெல்லாம் அந்த உருவத்தில் வருவதில்லை.

சிறுபிள்ளைகளில் அதிகம் காணப்படுகிற ஒரு வகை 3 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் வரும். தூங்கிக் கொஞ்ச நேரத்திலோ விடியப்புறமோ வாயின் ஒரு பக்கம் கோணி வெட்டும், எச்சில் வழியும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். பிள்ளைக்கு நினைவு இருக்கும், கதைக்க வராது. பெரும்பாலும் பதின்ம வயது தாண்டுவதற்குள் இது தானாக நின்றுவிடும். கையில் கட்டிய மணிக்கூட்டுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை, ஏனென்றால் கை பெரும்பாலும் அசைவதில்லை. பிறகு அது பரவிப் பெருவலிப்பானால் மட்டும் அடிக்கும்.

இன்னொரு வகை மூளையின் முன்பகுதியிலிருந்து வருவது. ஆள் திடீரென்று எழுந்து உட்காருவார், கத்துவார், சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதறுவார், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கித் திரும்பப் படுத்துவிடுவார். ஒரே இரவில் பல தடவையும் வரும். முன்பு இதை இரவு முன்மூளை வலிப்பு என்றார்கள். 2014இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் கூடிய நிபுணர்கள், இது இரவால் அல்ல தூக்கத்தால் வருவது, எப்போதும் முன்மூளையிலிருந்து வருவதுமில்லை என்று பெயரை மாற்றினார்கள். பகலில் படுத்தாலும் வரும் என்பதை வீட்டார் தெரிந்திருக்க வேண்டும். இந்த வகைக்குக் கருவிகள் சில வேளை அடிக்கும், பல வேளை அடிக்காது.

இதைத்தான் ஊரில் "பேய் வெருட்டிப்போட்டுது" என்று நூல் கட்டப் போவார்கள். நூலைக் கட்டுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். ஆனால் எல்லா இரவுக் கூச்சலும் வலிப்பும் அல்ல. பிள்ளைகளுக்கு வரும் இரவுப் பயம் பெரும்பாலும் தூங்கி முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வரும், பல நிமிடம் நீடிக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி இருக்கும், ஒரே இரவில் திரும்பத் திரும்ப வருவது குறைவு. வலிப்போ அச்சில் வார்த்ததுபோல் அதே கை, அதே கத்தல், அதே நேர அளவு. எந்தச் சாமத்திலும் வரும். வயதான ஆண்கள் விடியப்புறம் கனவில் யாரையோ அடிப்பதுபோல் கையை வீசுவது வேறு வருத்தம். கண் அயரும்போது உடம்பு ஒரு தடவை துள்ளுவது வருத்தமே அல்ல.

இவற்றைப் பிரித்துச் சொல்ல வைத்தியருக்குத் தேவை வீடியோ. அதனால்தான் கருவிகளில் கமராவை முதலில் வைக்கிறோம். மெமரி காட்டில் தானே பதிகிற, இருட்டில் தெரியும் சாதாரண வைபை கமரா போதும். இணையம் இல்லாவிட்டாலும் காட்டில் பதிவு நிற்கும் மாதிரியா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். சில மாதிரிகள் இணையமும் மாதக் கட்டணமும் இல்லாமல் ஒன்றுமே பதியாது. கால்மாட்டுப் பக்கம், இடுப்பு உயரத்துக்கு மேல், முகமும் இரண்டு கையும் தெரியச் சரிவாக வையுங்கள். கமராவில் நேரமும் திகதியும் சரியாக இருக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் இந்தக் கமரா தோற்கிற இடம் நுளம்பு வலை. வலைக்கு வெளியே கமராவை வைத்தால் அதன் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சம் வலையின் நூலில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளைப் புகையாகிவிடும். உள்ளே ஆள் இழுக்கிறாரா திரும்பிப் படுக்கிறாரா என்றே தெரியாது. கமராவை வலைக்குள்ளே, மேல் மூலையில் கட்டுங்கள். அது முடியாவிட்டால் கமராவின் வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, வலைக்குள் ஒரு சின்ன இரவு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். மொத்தப் போர்வை வேண்டாம். சத்தமும் பதியட்டும், தொடக்கத்தில் வரும் முனகல்கூட வைத்தியருக்கு ஒரு தடயம்.

கமரா வாங்க வசதி இல்லையென்றால் போனாலேயே எடுக்கலாம். ஆளைச் சரித்துப் படுக்கவைத்த பிறகு எடுங்கள். முழு உடம்பு, பிறகு முகம், கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தெரியவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், தெளிந்து கதைக்கும் வரை எடுங்கள். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கை முதலில் சோர்ந்தது, பேச்சு எப்போது திரும்பியது என்பதெல்லாம் வெட்டிப்போன அந்தப் பாதியோடு போய்விடும். தனியாகப் படுக்கிறவரென்றால் விடிந்ததும் பார்க்க வேண்டியவை: நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறதா, தலகணியில் இரத்தக் கறை, பாய் நனைந்ததா, உடம்பு முழுக்க அடித்துப்போட்டதுபோல் நோவா, ஒரு தோள் மட்டும் தூக்க முடியவில்லையா. தோள் மூட்டு பின்பக்கமாக விலகுவது பெருவலிப்பில் நடக்கிற, தவறிப்போகிற ஒரு காயம்.

ஈ.ஈ.ஜி. (தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்கச் சொன்னால் முதல் நாளே தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. இரவு வலிப்புக்காரருக்குத் தூக்கத்தில் எடுக்கும் ஈ.ஈ.ஜி.தான் பெறுமதி, அதனால் முதல் நாள் இரவு எத்தனை மணி வரை விழித்திருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் வழியிலேயே தூங்கிவிடுகிறார்கள். பிறகு அறையில் தூக்கம் வராமல் பரிசோதனை வீணாகிறது. கூடப் போகிறவரின் வேலை அவரை விழித்திருக்க வைப்பது. முன்மூளை ஆழத்திலிருந்து வரும் வலிப்பில் ஈ.ஈ.ஜி. சரியாகவே இருக்கக்கூடும். "ஒண்டும் இல்லையாம்" என்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய காந்தத்தால் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ.க்கு எழுதினால், உடம்பில் எங்கேனும் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருப்பதை முதலே சொல்லுங்கள். 2009க்கு முன்பு பட்ட காயம், ஆறி மறந்துபோனது என்று விடக்கூடாது. அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும். முதலில் எக்ஸ்ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தலையில் துண்டு ஏறியவர்களுக்கு வலிப்பு பல வருடம் கழித்தும் தொடங்கும். முன்மண்டைக் காயமென்றால் அது தூக்கத்தில் மட்டும் வருவதும் உண்டு. வன்னியில் பெரியவர் ஒருவருக்குப் புதிதாக இரவு வலிப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பழைய காயத்தைப் பற்றித்தான்.

இனி மணிகள். கையில் கட்டுவதில் பேர்போனது எம்பற்றிக்கா நிறுவனத்தின் எம்ப்ரேஸ். அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. அசைவையும் தோலின் மின்மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும். நல்ல கருவிதான். ஆனால் மணிக்கூட்டிலிருந்து புளூடூத்தில் போனுக்கு, போனிலிருந்து இணையத்தில் நிறுவனத்துக்கு, அங்கிருந்து உங்களுக்கு அழைப்பு என்பதுதான் அதன் வழி. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மணி இல்லை. மாதச் சந்தாவும் கட்டவேண்டும், அதுவும் டொலரில். கிளிநொச்சி டவுனில் றூட்டர் உள்ள வீட்டுக்குச் சரிவரலாம். காட்டோரக் கிராமத்துக்கு, பக்கத்துப் பாயில் படுத்திருக்கிற தாயை எழுப்புவதற்காக இன்னொரு நாட்டுக்குச் செய்தி அனுப்பும் கருவியை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஓப்பன் சீஷர் டிற்றெக்டர் என்ற இலவசச் செயலி இதற்கு நேர்மாறு. அன்ட்ரொய்ட் போன் ஒன்றும், கார்மின் அல்லது பைன்ரைம் போல அது ஏற்கும் மணிக்கூடு ஒன்றும் போதும். வினாடிக்கு 3 முதல் 8 தடவை வரையான ஆட்டம் சில வினாடி தொடர்ந்தால் அதே போன் கத்தும். இணையம் தேவையில்லை. சிக்னல் இருந்தால் குறிப்பிட்ட நம்பர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் போகும். மணிக்கூட்டிலிருந்து தரவு வராமல் போனால், அதாவது பற்றரி இறங்கினாலோ தூரம் போனாலோ, தனியாக ஒரு பிழைச் சத்தம் போடும். பேசாமல் செத்துக்கிடக்காது என்பதே எங்களுக்குப் பிடித்த குணம். இது மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றதல்ல என்பதை அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். பல் தீட்டினால், மாவரித்தால், கை தட்டினால் அடிக்கும். படுக்கும்போது மட்டும் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை குறையும். போனில் பற்றரி மிச்சம்பிடிக்கும் வசதியை இந்தச் செயலிக்கு நிறுத்திவைக்காவிட்டால், நடுச்சாமத்தில் போன் தானாகவே செயலியை மூடிவிடும். "ஒரு கிழமை வேலை செய்தது, பிறகு அடிக்கவில்லை" என்ற முறைப்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நைட்வோச் என்பது நெதர்லாந்தில் செய்த மேற்கைப் பட்டி. நாடியையும் அசைவையும் பார்க்கும். வீட்டுக்குள்ளேயே ஒரு அடிப்பெட்டிக்கு வானொலி அலையில் சொல்லி அடிக்கும், இணையத்தை நம்பியில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில் பராமரிப்பு நிலையமொன்றில் இதையும் மெத்தைத் தகட்டையும் ஒரே ஆட்களில் ஒப்பிட்டார்கள். பெரிய வலிப்புகளில் நூற்றுக்கு 86ஐப் பட்டி பிடித்தது, தகடு பிடித்தது 21ஐ. தரத்தில் இதுதான் முதலிடம். விலையிலும் அப்படியே. அடிப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். சோலர் பற்றரி இருக்கிற வீடென்றால் யோசிக்கலாம். வேர்த்துக்கொட்டும் சித்திரை வைகாசியில் பட்டி தோலைக் கடிக்கும், கையை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும்.

மெத்தைத் தகடுகளை, எம்ஃபிற் உட்பட, பாயில் படுக்கிறவர்களுக்கு வாங்கவே வேண்டாம். மெத்தைக்குக் கீழே இருக்கும்படி செய்த பொருள் அது. சீமெந்து நிலத்தில் பாய்க்குக் கீழே வைத்தால் அதன் கணக்கு சரிவராது. ஒரே கட்டிலில் தம்பியும் படுத்தால் யாருடைய அசைவு என்று அதற்குத் தெரியாது. மெல்லிய சிறுபிள்ளையின் ஆட்டத்தைத் தவறவிடும். கட்டிலில் தனியே படுக்கிற பெரியவர் ஒருவர் கையில் எதையும் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தால் மட்டும் பார்க்கலாம்.

ஓட்டை ஓட்டையாகக் காற்றுப்போகும் தலகணிகள் இணையத்தில் "மூச்சு முட்டாது" என்று விலைப்படுகின்றன. உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காசைப் பூட்டி வையுங்கள். குப்புறப் படுக்காமல் பார்ப்பதும், பஞ்சு நிறைந்த பெரிய தலகணியை எடுத்துவிடுவதும் செலவில்லாத வேலை.

குப்புறப் படுப்பதை ஏன் சொல்கிறோம் என்றால், வலிப்புக்காரர் சிலர் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகிறார்கள். அமெரிக்க நரம்பியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களில் 1,000 பேருக்கு வருடத்துக்கு ஒருவர், சிறுவரில் 4,500 பேருக்கு ஒருவர். வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ பெருவலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து மிகக் கூட. வலிப்பு முழுவதும் நின்றவர்களுக்கு மிகக் குறைவு. ஒரே அறையில் இன்னொருவர் படுப்பது ஆபத்தைக் குறைக்கிறது. மெத்தையும் தனி அறையும் இல்லாத வீடுகள் இந்த ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவை: பாயிலிருந்து விழ இடமில்லை, பக்கத்தில் ஆளும் உண்டு. குப்பி விளக்கும் நுளம்புத் திரியும் மட்டும் கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

2021இல் உலக வலிப்பு நிபுணர் அமைப்பு சொன்னதும் ஏறத்தாழ இதே: பெருவலிப்புக்கு மட்டும், மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் வந்து உதவ ஆள் இருந்தால் மட்டும், கருவி பிரயோசனம். வந்தவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணி எத்தனை என்று பாருங்கள். சரித்துப் படுக்கவையுங்கள், வாய்நீர் வெளியே வடியட்டும். கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். கையில் சாவியோ சத்தகமோ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெருவலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும், அந்தப் பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது. வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். பல் உடையும், நுரையீரலுக்குள் தண்ணீர் போகும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். குச்சு ஒழுங்கைக்குள் வீடென்றால் ஒருவர் ரோச்சோடு முன்றோட்டுக்குப் போக வேண்டும். நீளும் வலிப்பை நிறுத்த, கன்னத்துக்குள் விடும் மிடசோலமோ ஆசனவாயில் விடும் டயசிப்பாமோ வைத்தியர் எழுதித் தந்திருந்தால், அந்த மருந்தை, அளவை அவர் எழுதிய துண்டோடு ஒரே பையில் வையுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். சரியான குளிசையில் மூன்றில் இரண்டு பேருக்கு வலிப்பு நின்றுவிடும். எந்தக் கருவிக்கும் இந்தக் கணக்கு இல்லை. மூளையின் ஒரு பகுதியிலிருந்து வரும் தூக்க வலிப்புக்கு காபமசெப்பின் பழைய, மலிவான, நல்ல மருந்து. இரவில் சிறிய அளவே போதுமானவர்களும் உண்டு. நேரம் எடுத்துக் கரையும் வகையென்றால் அரைத்துக் கொடுக்கக்கூடாது, கடிக்கக்கூடாது. தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தோல் தடித்தாலோ வாய் புண்ணானாலோ அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. விடியற்காலையில் கை துள்ளித் தேத்தண்ணிக் கோப்பை விழுகிற இளம்வயதுக்காரருக்கோ காபமசெப்பின் துள்ளலைக் கூட்டும். வைத்தியரிடம் இந்தத் துள்ளலை யாரும் தாமாகச் சொல்வதில்லை, சொல்லுங்கள். அவர்களுக்கு நன்றாக வேலை செய்வது சோடியம் வல்புரோவேற், ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அது கடைசித் தெரிவு: கருவில் பத்தில் ஒரு குழந்தைக்கு அங்கக் குறையும், அதைவிடக் கூடப் பேருக்குப் படிப்பு, பேச்சுக் குறையும் வரும். அதற்காகக் கர்ப்பமானதும் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. காபமசெப்பின் எடுக்கும் பெண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பலிக்காமல் போகலாம். மிட்வைவ் அம்மாவிடம் மருந்தின் பெயரைக் காட்டுங்கள்.

இரவு வலிப்புக்காரருக்கு மொத்த அளவில் பெரிய பங்கை இரவுக்கு ஒதுக்குவதும் ஒரு வழி, வைத்தியரிடம் கேட்கலாம். கிளினிக்கில் மருந்து கைவசம் இல்லை, வெளியே வாங்கு என்று துண்டு தந்தால் அன்றே பாமசியில் விலை கேளுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் திரும்பிப்போய் இருக்கிற வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பேசாமல் பாதிக் குளிசையாக்கி நாட்களை நீட்டினால் வலிப்பு திரும்பக்கூடும். மாரியில் குளம் வான்பாய்ந்து பாதை அறும் காலத்துக்கு இரண்டு கிழமைக் குளிசை மேலதிகமாக இருக்கட்டும். வல்புரோவேற்றைத் தகட்டிலிருந்து பிரித்துப் போத்தலில் போடாதீர்கள், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். இரண்டு மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லையென்றால் மூளை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். சத்திரசிகிச்சை பொருந்துமா என்று பார்க்கும் கட்டம் அது.

குளிசையைத் தோற்கடிப்பது தூக்கமின்மை. பெரும்போகக் கதிர் பழுக்கும் காலத்தில் ஆனைக்குக் காவல் இருக்கிறவர், இரண்டு இரவு பரணில் விழித்திருந்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம் படுக்கும்போது வலிப்பு வரும். காவல் முறை போடும்போது அவரை விட்டுவிடுங்கள், பகல் வேலை கூடச் செய்யட்டும். பரணில் ஏறுவதும், தனியே குளத்தில் முழுகுவதும், கட்டில்லாத கிணற்றில் அள்ளுவதும் தூக்கத்தில் மட்டும் வலிப்பு வருகிறவருக்கும் பாதுகாப்பல்ல. மருந்து குறையும்போது அது பகலுக்கும் தாவும். கள்ளு, கசிப்பு குடித்த இரவின் பின் விடியலும் அதே மாதிரி.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. "வலிப்பைக் கண்டுபிடிக்கும்" என்று பெட்டியில் எழுதிய மலிவு மணிக்கூடுகள் நகரக் கடைகளில் கிடைக்கலாம். நாடி பார்ப்பதும் வலிப்புப் பார்ப்பதும் வேறு. எந்தக் கருவியானாலும் படுத்த நிலையில், கட்டிய கையை இருபது வினாடி வேகமாக ஆட்டிப் பாருங்கள். பிறகு போன் டேட்டாவை நிறுத்தி ஒரு தடவை, மெயின் சுவிட்சை இறக்கி ஒரு தடவை, காற்றாடி முழு வேகத்தில் சுற்றும்போது அறைக்கு வெளியே நின்று ஒரு தடவை. மூன்றிலும் சத்தம் கேட்டால் வைத்திருங்கள். கேட்காவிட்டால் பில்லோடு ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமா என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.